கோதாவில் உடைந்த பூசணிக்காய்

ஒரே ரசனை உள்ள இரண்டு பேரை ஒரே ஊரில் விட்டுவைப்பது ஆபத்து. தனித்தனியாக இருக்கும்வரை அவர்களால் யாருக்கும் தொந்தரவு கிடையாது. பாட்டுக் கேட்டோம், படம் பார்த்தோம், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினோம் என்று இருப்பார்கள். என்றைக்கு இரண்டு பேரும் சந்தித்து, "அட, உங்களுக்கும் அதுதான் பிடிக்குமா?" என்று கையைப் பிடித்துக்கொள்கிறார்களோ, அன்றைக்கே இரண்டு பேருக்கும் புத்தி பேதலித்துவிடும். நான் யாரையோ சொல்லவில்லை. என்னையும் என் மாமனாரையும்தான் சொல்கிறேன்.

அப்போது அவர் என் மாமனார் ஆகியிருக்கவில்லை. ஆகாமலே போயிருக்க வேண்டியது.

ஐம்பதுகளின் கடைசியில் நான் திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன். வேலை என்றால், வாடிக்கைக்காரர்கள் பிரித்துப் போட்டுவிட்டு வாங்காமல் போகும் சேலைகளைத் திரும்ப மடித்து அடுக்குவது. அன்றைய என் உடம்புக்கு, என்னையும் சேலையோடு சேலையாக மடித்து அலமாரியில் வைத்துவிட்டால் முதலாளி அடுத்த தீபாவளிக்குத்தான் கண்டுபிடிப்பார். இப்படிப்பட்ட ஆளுக்குக் குஸ்தி என்றால் உயிர். (ஒல்லியாக இருப்பவனுக்குத்தான் குஸ்தியின் அருமை தெரியும். பயில்வானுக்கு அது வெறும் பிழைப்பு.)

மத்தியானச் சாப்பாட்டுக்கு விட்டதும் நான் போய் உட்காரும் இடம் அந்தோணி சலூன். சுழலாத ஒரு சுழல் நாற்காலி, ஒரு பெஞ்சு, எதிரெதிரே இரண்டு பெரிய கண்ணாடி, ஒரு கிராமபோன். முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்களைவிட வெட்டிப் பேச்சுக்கு வருகிறவர்கள்தான் அங்கே அதிகம். அந்தோணி நல்ல மனிதர். கை சுத்தம், வாய் சுத்தம். ஆனால் ரசனை மட்டும் படுமோசம் என்பது என் அபிப்பிராயம். பாட்டு என்றால் அவருக்குத் தாலாட்டு மாதிரி மெதுவாக இருக்க வேண்டும். படம் என்றால் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும். பயில்வான் என்றால் ரங்கூன் ரத்தினம்தான். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, நம் கழுத்து அவர் பிடியில் இருக்கும்போது இதையெல்லாம் சொல்வார் என்பதால், பலரும் அந்த நேரத்துக்கு அவர் கட்சியாகவே இருந்தார்கள்.

ஒரு நாள் அவர் தன் பிரியமான மெதுப்பாட்டு ஒன்றைக் கிராமபோனில் போட்டார். எனக்கு முகம் சுளித்துவிட்டது. எதிர்க் கண்ணாடியில் பார்த்தால், நாற்காலியில் இருந்த ஒருவரும் என்னைப் போலவே, அதே நொடியில், அதே கோணத்தில் முகம் சுளித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு மீசை. மீசை என்று ஒரு சொல்லில் சொல்லிவிட முடியாது. முறுக்கிவிட்ட இரண்டு நுனியும் காதோடு ஏதோ ரகசியம் பேசப் போவது போல வளைந்து நின்றன. இரண்டு பேரும் கண்ணாடிக்குள்ளேயே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"இது பாட்டா, அப்பு?" என்றார் அவர். "காய்ச்சக்காரன் மொனங்குற மாதிரியில்ல இருக்கு."

"அதானேண்ணே!" என்றேன். "பாட்டுன்னா மலைக்கோட்டை உச்சியில நின்னு எடுத்தா ரயிலடியில போர்ட்டர் திரும்பிப் பாக்கணும்."

அவர் பாதிச் சவரத்தோடு எழுந்துவிட்டார். "சொல்லு, அப்பு, சொல்லு! படம் பாப்பியா?"

"பாப்பேன். ஆனா கடைசியில யாராச்சும் சாகணும். சாகலேன்னா குடுத்த காசு வீண்."

"ஒருத்தரு பத்தாது. ரெண்டு பேராவது சாகணும்!" என்று சோப்பு நுரையோடு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என் ஒரே நல்ல சட்டையின் தோளில் அந்த நுரை காய்ந்து கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது.

அவர் பெயர் பெரியசாமி. கன்னிவாடிக்காரர். மலையடிவாரத்தில் கத்தரி, அவரை, பூசணி எல்லாம் போட்டு, வண்டியில் ஏற்றித் திண்டுக்கல் சந்தைக்குக் கொண்டுவருவார். சரக்கு விற்றதும் சலூனுக்கு வந்து மீசையைத் திருத்திக்கொண்டுதான் வண்டி பூட்டுவார். அதற்குப் பிறகு அவர் சந்தைக்கு வருகிற நாளெல்லாம் எனக்குத் திருநாள். சந்தை முடிந்ததும், முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, டூரிங் டாக்கீஸில் முதல் ஆட்டத்துக்குச் சேர்ந்தே போவோம். மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, படத்தில் முதல் இருமல் கேட்டதுமே அவர் துண்டை எடுத்துவிடுவார். (அந்தக் காலப் படத்தில் நல்லவன் ஒருவன் இருமினால் பிறகு அவன் தேறுவது கிடையாது.) இடைவேளைக்குள் அவர் துண்டு நனைந்துவிடும். அப்புறம் என் துண்டு. மீசை நுனியிலிருந்து கண்ணீர் சொட்டுவதை அவரிடம்தான் பார்த்தேன்.

பாட்டும் படமும் ஒத்துப்போனதுகூடப் பெரிதில்லை. பயில்வான் விஷயம் வந்தபோதுதான் இது முன்ஜென்ம பந்தம் என்று புரிந்தது.

"பயில்வான்னா என்ன வேணும், அப்பு?" என்று கேட்டுவிட்டு என் கண்ணையே பார்த்தார்.

"தொப்பை வேணும்ணே" என்றேன்.

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இடும்பன்" என்றார். "இடும்பன்தாண்ணே" என்றேன். சாமி பெயரைச் சொன்னது போல இரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

பழனி இடும்பன் பயில்வான் அப்போது எங்கள் பக்கத்தில் பெரிய பெயர். அவர் தொப்பை முதலில் கோதாவுக்குள் வரும், அப்புறம் அவர் வருவார். எதிராளியைப் பிடிக்க மாட்டார், அடிக்க மாட்டார். மேலே சாய்ந்துவிடுவார். அவ்வளவுதான் குஸ்தி. அந்தோணியின் ரங்கூன் ரத்தினமோ சுருட்டை முடியும் பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரு மீசையுமாக, கோதாவுக்குள் நுழையும்போதே நாலு பக்கமும் கும்பிட்டுச் சிரிப்பார். "சிரிக்கிறவன் எப்புடிய்யா பயில்வான்?" என்பது எங்கள் கட்சியின் கேள்வி. இதற்கு அந்தோணி இன்றுவரை பதில் சொன்னதில்லை.

இப்படியே கொஞ்ச நாள் போனதும், பெரியசாமி திடீரென்று ஒரு நாள், "ஏப்பு, ஒனக்குக் கலியாணம் ஆயிருச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எம் மக இருக்கு. தனலட்சுமின்னு பேரு" என்றார். பத்துப் பொருத்தத்தில் மூன்றை அவர் சலூனிலேயே பார்த்து முடித்துவிட்டார். மிச்சத்தைப் பார்க்க ஜோசியரிடம் போனதில், ஆச்சரியமாக, அதுவும் சரியாகவே இருந்தது. என் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "வேலவெட்டியில்லாம சலூன்ல குந்தியிருக்கான்னு வஞ்சேனே, அங்கனயே ஒரு பொண்ணைப் பிடிச்சுட்டானே" என்று அக்கம்பக்கத்திலெல்லாம் சொன்னாள்.

பெண் பார்க்கக் கன்னிவாடிக்குப் போனோம். தனலட்சுமி பணியாரத் தட்டோடு வந்து, வைத்துவிட்டு, ஒரே ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தது. அந்த ஒரு பார்வையிலேயே நான் விழுந்துவிட்டேன். இடும்பன் சாய்ந்தால்கூட அப்படி விழுந்திருக்க மாட்டேன். இந்தப் பெண் கிடைக்காவிட்டால் என் வாழ்க்கையில் இனி ஒன்றும் இல்லை என்று அங்கேயே, கையில் பணியாரத்தோடு, நிச்சயமாகத் தெரிந்தது. அதை எப்படியாவது தனலட்சுமியிடம் சொல்ல வேண்டும் என்று மனம் தவித்தது. ஆனால் பெரியசாமி பக்கத்தில் உட்கார்ந்து இடும்பனின் தொப்பையைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். ரசிகன் அல்லவா, நானும் என்னை மறந்து, "அந்தத் தொப்பையைப் பாத்துக்கிட்டே இருக்கலாம் மாமா" என்று சொன்னேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து "க்கும்" என்று ஒரு சத்தம் கேட்டது.

வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது வண்டியில் அந்த "க்கும்" காதிலேயே இருந்தது. எவ்வளவு இனிமையான வெட்கம் என்று நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அம்மா எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று தலையில் தண்ணீர் தெளித்தாள்.

நிச்சயத்துக்கு நாள் பார்க்கலாம் என்றிருந்த நேரத்தில்தான் அந்த நோட்டீஸ் வந்தது. மலைக்கோட்டை அடிவார மைதானத்தில் மாபெரும் குஸ்தி. பழனி இடும்பனும் ரங்கூன் ரத்தினமும் நேருக்கு நேர். பயில்வான்கள் இரண்டு பேரையும் திறந்த ஜீப்பில் ஏற்றி, தமுக்கு அடித்துக்கொண்டு, கன்னிவாடிவரை ஊர் ஊராகக் காட்டினார்கள். சலூனில் அன்றைக்கு நடந்த சண்டையில் பாதித் தலை வெட்டியிருந்த ஒருவர் மீதியை வேறு கடையில் வெட்டிக்கொள்கிறேன் என்று போய்விட்டார்.

"ஒங்க ஆளு தொப்பைய அவரே தூக்க முடியாது, ரத்தினத்தையா தூக்கப் போறாரு?" என்றார் அந்தோணி.

பெரியசாமிக்குக் கண் சிவந்துவிட்டது. எழுந்து நின்று, மீசையின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு, சலூன் வாசலில் நாலு பேர் கேட்கும்படி சொன்னார். "ஏலே அந்தோணி, கேட்டுக்க. எங்க இடும்பன் தோத்துட்டாருன்னா, மறுநா காலையில இந்த நாக்காலியில வந்து உக்காந்து, இந்த மீசைய ஒங் கையில குடுத்துருவேன்!"

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அந்தோணியும் விடவில்லை. "ரத்தினம் தோத்தா இந்தக் கடைக்கு இடும்பன் சலூன்னு போர்டு மாத்திருவேன்ணே" என்றார்.

பெரியசாமி என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, குஸ்தி முடியட்டும். செயிச்ச கையோட வெத்தலை பாக்கு மாத்திருவோம்." முதல் தடவையாக என்னை மாப்ளே என்று கூப்பிட்டிருந்தார். அந்த நொடியிலிருந்து இடும்பனின் வெற்றி என் சொந்த விவகாரம் ஆகிவிட்டது. தனலட்சுமி, மீசை, வெற்றிலை பாக்கு எல்லாமே அந்தத் தொப்பையின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெயில் தாழ்வதற்கு முன்பே மைதானம் நிரம்பிவிட்டது. சாக்குப் படுதா கட்டி அடைத்த இடத்தில் தரை டிக்கெட்காரர்கள் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மேடை போட்டு, பலகைமேல் வைக்கோல் பரப்பி, அதன்மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதுதான் கோதா. பெரியசாமி முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார். மடியில், குழந்தையை வைத்திருப்பது போல, ஒரு சாம்பல் பூசணிக்காய்.

"எந் தோட்டத்துக் காயி, மாப்ளே" என்றார். "இடும்பனுக்குத் திருஷ்டி கழிக்கணும். ஊரு கண்ணு பொல்லாது."

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அதே நினைப்புதான் எனக்கும் இருந்தது. ரசனை ஒத்துப்போவது என்றால் இதுதான். கொஞ்ச நேரத்தில் இடும்பன் கூட்டத்துக்குள் நடந்து வந்தார். "யாத்தே, தொடையைப் பாருடா!" "தொப்பையப் பாருடா, நெல்லுக் குதிரு!" என்று நாலா பக்கமும் குரல்கள். ஒவ்வொரு குரலும் ஒரு கொள்ளிக்கண். பெரியசாமி பதறிப்போனார். "மாப்ளே, நீ சின்ன வயசு, சட்டுனு மேடையேறிச் சுத்தி ஒடச்சுட்டு வந்துரு" என்று காயை என் கையில் கொடுத்தார். உச்சியில் துளை போட்டுக் குங்குமம் கலந்திருந்தது. மேலே சூடம் எரிந்தது.

அந்தக் காய்க்கும் எனக்கும் எடை வித்தியாசம் ரொம்ப இல்லை. எப்படியோ கயிற்றுக்குள் நுழைந்து மேடை ஏறிவிட்டேன். நான் ஆராதித்த இடும்பன் பயில்வான் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றார். எண்ணெய் வாசனையும் பூண்டு வாசனையும் சேர்ந்து வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் என்னைப் பார்த்து, "என்னலே?" என்றார். என் தெய்வம் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

சுற்றினேன். வலமாக மூன்று, இடமாக மூன்று. (தொப்பையைச் சுற்றி வருவதற்குள் மூச்சு வாங்கியது.) சுற்றியாகிவிட்டது, இனி உடைக்க வேண்டும். திருஷ்டிக் காயை எங்கே உடைப்பார்கள்? முச்சந்தியில். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் மேடையிலிருந்து கீழே பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தலைதான். கால் வைக்க இடமில்லை. சூடம் வேறு கையைச் சுட ஆரம்பித்தது. நடுவர், "சீக்கிரம் எறங்குய்யா, விசிலடிக்கப் போறேன்" என்று விரட்டினார். அந்த மைதானம் முழுக்க யார் தலையும் இல்லாமல் காலியாக இருந்த ஒரே இடம் கோதாதான்.

போட்டேன்.

சூடம் அணைந்ததே தவிர, காய் உடையவில்லை. வைக்கோல்மேல் பொத்தென்று விழுந்து உருண்டு ரத்தினத்தின் காலடியில் போய் நின்றது. கூட்டம் சிரித்தது. ரத்தினம் குனிந்து, காயை எடுத்து, மரியாதையாக என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மடித்த சேலைகளை அடுக்கி அடுக்கிச் சேர்த்துவைத்த பலத்தையெல்லாம் திரட்டி, தலைக்குமேல் தூக்கி, "இடும்பன் வாழ்க!" என்று கத்திக்கொண்டு மேடையின் ஓரப் பலகையில் அறைந்தேன். வெடித்தது பாருங்கள், கோதா முழுக்கச் சோறும் விதையும் குங்குமத் தண்ணீரும். பெரியசாமி கீழேயிருந்து கைதட்டினார்.

நடுவர் தலையில் அடித்துக்கொண்டு, என்னைக் கீழே இறக்கிவிட்டு, ஒரு சாக்கால் துடைத்தார். துண்டுகளைப் பொறுக்கி வெளியே போட்டார். ஆனால் பூசணிக்காயின் வழவழப்பு சாக்குக்கெல்லாம் கட்டுப்படாது. தார்ப்பாய் பளபளவென்று சாயங்கால வெயிலில் மின்னியது. எனக்கு அது மங்களமாகவே பட்டது.

நடுவர் விசில் ஊதினார். இடும்பன் தொடையைத் தட்டினார். மலையில் எதிரொலித்தது. "ஹோ" என்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டு முதல் அடி வைத்தார். அந்த முதல் அடி எங்கே போனது என்று அவருக்கே தெரியாது. வலது கால் கன்னிவாடிப் பக்கமும் இடது கால் ரயிலடிப் பக்கமும் போக, நடுவில் இருந்த தொப்பை அப்படியே மல்லாந்து மேடையில் விழுந்தது. மேடையே ஒரு தடவை எழும்பி உட்கார்ந்தது. ரத்தினம் அவரைத் தொடக்கூட இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் நடுவரைப் பார்த்தார். நடுவர் தலையாட்டினார். ரத்தினம் சங்கோஜத்தோடு இடும்பனின் நெஞ்சின்மேல் போய் உட்கார்ந்தார். இடும்பன் எழுந்திருக்கப் பார்த்தார். கைவைத்த இடமெல்லாம் வழுக்கியது. நடுவர் ரத்தினத்தின் கையைத் தூக்கிவிட்டார்.

அப்புறம் இடும்பன் எழுந்தார். முதுகெல்லாம் பூசணி விதை. "எவன்டா அந்தப் பூசணிக்காய்?" என்று கேட்டார். மைதானம் முழுக்க ஒரே கையாக என்னைக் காட்டியது.

ஓடத்தான் நினைத்தேன். ஆனால் ஆட்கள் மடியில் மடியாக உட்கார்ந்திருக்கும்போது எங்கே ஓடுவது? அவர் கீழே குனிந்து, ஒரே கையால் என்னைச் சட்டையோடு அள்ளி, தலைக்குமேல் காவடி மாதிரித் தூக்கிவிட்டார். கூட்டம் ஆரவாரம் செய்தது. கொடுத்த காசுக்கு அன்றைக்கு அவர்கள் பார்த்த ஒரே பிடி அதுதான். எனக்கு உயிர் போகும் பயம். ஆனாலும் உள்மனதில் ஒரு ரசிகன் இருந்துகொண்டு, ஆகா, என்ன பிடி, என்ன பிடி என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

"இவன் யாரோட வந்தவன்?" என்று இடும்பன் கர்ஜித்தார்.

மேலேயிருந்து பார்த்தேன். முன்வரிசையில் பெரியசாமி துண்டால் வாயையும் மீசையையும் பொத்திக்கொண்டு இருந்தார். "மாமா!" என்று கூப்பிட்டேன். அவர் நிதானமாகத் திரும்பித் தனக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்தார். நான் வேறு யாரையோ கூப்பிடுவது போல. சேர்ந்து அழுத படமெல்லாம் ஒரு நொடியில் கண்முன்னால் ஓடியது. தனலட்சுமி கைவிட்டுப் போய்விட்டது என்று அந்தரத்தில் வைத்துத் தெரிந்துகொண்ட மாப்பிள்ளை நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இடும்பன் வீசியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

காப்பாற்றியது ரங்கூன் ரத்தினம். பக்கத்தில் வந்து, "விட்ருங்கண்ணே, பாவம், ரசிகர்" என்றார். இடும்பன் என்னைக் கீழே வைத்தார். வைத்த இடத்திலும் வழுக்கி விழுந்தேன்.

மறுநாள் காலையில் சலூனுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும். எனக்கு முன்பே பெரியசாமி நாற்காலியில் இருந்தார். வாசலில் கூட்டம். அந்தோணி கத்தியைத் தொட மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்ணே. இது செயிப்பே இல்ல. ரத்தினம் எங்க செயிச்சாரு? பூசணிக்காயில்ல செயிச்சுது?"

"சொன்ன சொல்லு சொன்னதுதான். எடுலே!"

எடுத்தார். கத்தி ஒவ்வொரு தடவை இறங்கியபோதும் பெரியசாமியின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. படத்தில் நல்லவன் இருமும்போது அழுவாரே, அதே அழுகை. நானும் வாசலில் நின்று அழுதேன். முடிந்ததும் கண்ணாடியில் பார்த்தார். மீசை போன முகம் பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் அனுப்பப்பட்ட பிள்ளை மாதிரி இருந்தது. எதிர்க் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார்.

"மாமா, காயி..."

"காயி எந் தோட்டத்துக் காயி. அதுல குத்தமில்ல. ஒடச்ச எடம் குத்தம்" என்றார். அப்புறம், "இனிமே மாமா கீமான்னு கூப்புடாதீக" என்றார். இவ்வளவு நாளும் அப்பு, மாப்ளே என்று கூப்பிட்டவர் மரியாதை கொடுத்துப் பேசியதுதான் தாங்கவில்லை. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அம்மா கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தாள். "அவருக்கு மீசை திரும்ப மொளைக்கும்டா. ஒனக்குப் பொண்ணு மொளைக்குமா?" என்றாள். கடைத்தெருவில் என்னைப் பார்த்தவர்களெல்லாம் "பூசணிக்காய்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் சேலை மடிக்கும்போது கல்யாணச் சேலை வந்தால் அடுத்த ஆளிடம் தள்ளிவிட்டுவிடுவேன். ராத்திரியில் பணியாரம் கனவில் வரும்.

இப்படி இருக்கும்போது ஒரு சந்தை நாளன்று பெரியசாமி சலூனுக்கு வந்து என் பக்கத்தில், ஆனால் என்னைப் பார்க்காமல், பெஞ்சில் உட்கார்ந்தார். மூக்குக்குக் கீழே புல் முளைத்தது போல லேசான கறுப்பு. சுவரைப் பார்த்துக்கொண்டே, "வேற எடம் பாத்தேன். எம் மக மாட்டேனுருச்சு" என்றார்.

நான் பெஞ்சில் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"பூசணிக்காய் ஒடச்ச ஆளத்தான் கட்டுவேன்னு சோறு திங்காம கெடக்கு. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது. அதுக்கு அப்படி என்னதான் பிடிச்சுப்போச்சோ ஒங்கிட்ட." "ஒங்கிட்ட" என்ற வார்த்தை திரும்ப வந்ததே எனக்குப் போதும். ஊரே சிரித்த ஒருவனின் உள்ளத்தை ஒரு பெண் கண்டுகொண்டதே என்று எனக்கு அழுகை வந்தது. பெரியசாமியும் அழுதார். அந்தோணி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு துண்டைக் கொடுத்தார்.

அந்தத் தையிலேயே கன்னிவாடியில் கல்யாணம். கிராமபோனுக்கு அந்தோணிதான் பொறுப்பு. முகூர்த்தம் முழுக்க மெதுப்பாட்டாகப் போட்டுப் பழிதீர்த்துக்கொண்டார். மாமனாருக்கு மீசை இன்னும் சரியாக வளராததால் போட்டோ எடுக்கும்போது துண்டை வாய்மேல் போட்டுக்கொள்ளப் பார்த்தார். "பல்வலி மாதிரி இருக்கும்ணே" என்று ஸ்டுடியோக்காரர், அந்தோணியின் மைத்துனர், பிடிவாதமாகத் துண்டை எடுக்கச் சொன்னார். "கவலைப்படாதீங்க, மீசைய நாங்க வரஞ்சு குடுத்துருவோம்" என்றார். அப்போதெல்லாம் அது வழக்கம்தான். வழுக்கைக்கு முடி வரைவார்கள், காதுக்குத் தோடு வரைவார்கள்.

எல்லாம் முடிந்து நானும் தனலட்சுமியும் தனியாகப் பேச வாய்த்தபோது, நான் நாள்கணக்காக ஒத்திகை பார்த்துவைத்திருந்ததைக் கேட்டேன். "அம்புட்டுப் பேரு சிரிச்சாங்களே, ஒனக்கு மட்டும் என்னை எப்படிப் பிடிச்சுச்சு?"

"எனக்கு ரத்தினத்தைப் பிடிக்கும்" என்றாள்.

புரியாமல் பார்த்தேன்.

"ஜீப்புல வந்தாங்கள்ல, அப்ப நாங்க கெணத்தடியில நின்னோம். ரத்தினம் எல்லாரையும் பாத்துச் சிரிச்சுக் கும்புட்டாரு. ஒங்க இடும்பன் எங்கிட்டத் தண்ணி வாங்கிக் குடிச்சுப்புட்டுச் சொம்பத் திருப்பிக் குடுக்காமப் போயிட்டாரு. எங்கம்மா சீதனச் சொம்பு. இந்தாளு தோக்கணும், ரத்தினம் செயிக்கணும்னு மாரியாத்தாளுக்குக் காசு முடிஞ்சு வச்சேன். நீங்க செயிக்க வச்சுட்டீக. அந்த நன்றி இருக்கணும்ல?"

அவ்வளவுதான். என் உள்ளத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. கோதாவில் நான் உடைத்தது இடும்பனுக்குத் திருஷ்டிக் காய். அவளுக்கு அது நேர்த்திக்கடன். மாமனாரும் நானும் மூன்று பொருத்தம் பார்த்து முடித்த இந்தச் சம்பந்தத்தில், பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ரசனையில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அவளுக்கு மெதுப்பாட்டுப் பிடிக்கும். படத்தில் யாராவது செத்தால் எழுந்து வெளியே போய்விடுவாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குத் திருஷ்டிக் காயை என் கையில் கொடுப்பதில்லை. பேரப்பிள்ளைகள்கூட, "தாத்தா உடைச்சா எதிர்க்கட்சி ஜெயிச்சிரும்" என்பார்கள். பூசணிக் கூட்டு வைக்கிற நாளில் எனக்கு முதல் கரண்டி. "ரத்தினம் பேரச் சொல்லிச் சாப்பிடுங்க" என்று போடுவாள்.

அந்தக் கல்யாணப் போட்டோ கூடத்தில் மாட்டியிருக்கிறது. மாமனார் வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டுவார். கண் கொஞ்சம் மங்கல். மீசை இருக்கிறதா, இருக்கிறது, அது போதும் அவருக்கு. "பாத்தீகளா, அப்பவே இடும்பன் களை" என்று பெருமைப்பட்டுக்கொண்டே காலமானார். மகள் ரத்தினம் கட்சி என்பதை அவர் இருந்தவரை நானும் சொல்லவில்லை.

போன வருஷம் பேத்தி ஒருத்தி நாற்காலி போட்டு ஏறி உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "தாத்தா, நீங்க சொன்னது காதுவரைக்கும் மீசை. இது என்ன, பென்சிலால கோடு போட்ட மாதிரி இருக்கு?"

நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். இத்தனை வருஷமாகத் தினமும் அதன் கீழே உட்கார்ந்து காபி குடிக்கிறேன். இடும்பனின் பரம ரசிகர், என் மாமனார், சுவரில் ரங்கூன் ரத்தினத்தின் மீசையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"தனம்," என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தேன், "அந்த ஸ்டுடியோக்காரர்கிட்ட மீசை எப்படி வரையணும்னு யாரு சொன்னது?"

உள்ளே இருந்து, "க்கும்" என்று சத்தம் வந்தது. அது வெட்கம் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும்.